கிறுக்கு ஊரில் ஒரு தெளிந்த மருமகள்

மலைச்சரிவு ஊரான குப்பியோவில் பிறந்தவர்கள் எல்லோரும் கிறுக்கர்கள். இது வெளியூர்க்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. ஊர்க்காரர்களே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுகிற பெருமை. வெளியூர்க்காரர் யாருக்காவது அந்தப் பெருமையில் பங்கு வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மேல்தெருவில் இருக்கிற பழைய கல் நீரூற்றை மூன்று சுற்று ஓடி வர வேண்டும். ஓடி முடித்த கையோடு, ஊர்க்காரர் ஒருவர் அந்த ஊற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான், கிறுக்கு ஏறிவிடும். அதற்குச் சான்றிதழ்கூட உண்டு. எங்கெங்கோ இருந்து டாக்டர்களும் ஜட்ஜுகளும் வந்து, மூச்சிரைக்க ஓடி, நனைந்த தலையோடு அந்தக் காகிதத்தை உயர்த்திப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். சொந்த ஊரில் பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட அவர்கள் முகத்தில் அத்தனை சிரிப்பு இருந்திருக்காது.

அந்த நீரூற்றுக்கு நேர் எதிரே இருப்பது மிரெல்லாவின் ரொட்டிக்கடை. கிரேஷா என்று சொல்லுகிற கனத்த ரொட்டியை வட்டக் கல்லில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் இரண்டாகப் பிளந்து, உள்ளே வதக்கிய கீரையும் கறியும் வைத்துக் கொடுப்பாள். ஓடிக் களைத்தவர்கள் நேராக அவள் கடைக்குத்தான் வருவார்கள். கிறுக்கு ஏறியதும் பசியும் ஏறிவிடும் போலிருக்கிறது.

ஆனால் மிரெல்லாவுக்குக் கிறுக்கு இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் வருகிற குவால்தோ அவள் பிறந்த ஊர். அந்த ஊர் கழுதைப் பந்தயத்துக்குப் பேர்போனது. நாற்பது வருஷத்துக்கும் முன்னால் ஒரு செப்டம்பரில் அந்தப் பந்தயம் பார்க்கப் போன உபால்தோ, நல்ல இடம் பிடிக்கிற அவசரத்தில் கால் தடுக்கி, ஓடி வந்த கழுதைக்கு முன்னால் குப்புற விழுந்தான். கழுதை அவனைத் தாண்டிப் போனது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மிரெல்லா மட்டும் சிரிப்பைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

வந்த புதிதில் அவள் ஒரு தப்புச் செய்தாள். அதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது.

மே மாதம் குப்பியோவில் பெரிய திருவிழா. மூன்று புனிதர்களை மூன்று உயரமான மரத்தூண்களின் உச்சியில் நிறுத்தி, தோளில் தூக்கிக்கொண்டு, இளவட்டங்கள் தெருத்தெருவாக ஓடி மலை உச்சிக்கே ஏறிவிடுவார்கள். முதலில் புனித உபால்தோ (மிரெல்லாவின் புருஷனுக்கு வைத்தது இவர் பேரைத்தான்), அடுத்தது ஜார்ஜ், கடைசியில் அந்தோனி. ஒருவரை ஒருவர் முந்துவது என்ற பேச்சே கிடையாது. எந்த வருஷமானாலும் அதே வரிசைதான். ஆனாலும் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். புதுப்பெண் மிரெல்லா மாமியார் வீட்டு ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்ததும், நல்ல பிள்ளையாகக் கீழே எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்:

"யாரு ஜெயிச்சது?"

அன்று தெருவில் எழுந்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

ஓயவிடாமல் பார்த்துக்கொண்டவன் ஒரெஸ்தே. நீரூற்றுக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருப்பவன், உபால்தோவுக்குச் சின்ன வயசுச் சிநேகிதன். அந்த உரிமையில் மிரெல்லாவை 'மதினி' என்பான். தொப்பையும் முட்டிவலியும் சேர்ந்த உடம்பு. கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்கு வர ஊரார் படியேறும்போது, இவன் மலைச்சரிவில் ஊருக்கென்று வைத்திருக்கிற லிஃப்டுக்குக் காத்து நிற்பான். ஆனால் நாக்குக்கு முட்டிவலி கிடையாது. ரொட்டி வாங்க வரும்போதெல்லாம், "மதினி, இன்னைக்கு யாரு ஜெயிச்சது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். மிரெல்லாவும் சளைத்தவள் இல்லை. "வேற யாரு, என் கத்திரிக்காய்தான். உன் கத்திரிக்கோலவிட அதுக்குத்தான் கூர் அதிகம்" என்பாள்.

வீட்டிலும் இதே நிலைமைதான். புருஷன் பிறவிக் கிறுக்கு. மகளும் இந்த ஊரிலேயே பிறந்ததால் பிறவிக் கிறுக்கு. வீட்டில் தெளிந்த ஆள் மிரெல்லா ஒருத்திதான். அங்கே குவால்தோவுக்குப் போனாலோ, "வாடி, கிறுக்கு ஊர் மருமகளே" என்று வரவேற்பார்கள். இங்கே கழுதை ஊர்க்காரி, அங்கே கிறுக்கு ஊர்க்காரி. இரண்டுக்கும் சிரித்துச் சிரித்தே காலத்தை ஓட்டியவளுக்கு, போன வருஷம் ஒரு சனிக்கிழமை சிரிப்பு வரவில்லை.

அன்று காலையில் தம்பி எஜிதியோ போன் செய்தான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

"அக்கா, நாளைக்கு வர்றோம். எங்க டிப்போ ஆளுக ஒரு பஸ் நெறைய. எல்லாருக்கும் கிறுக்காகணுமாம்."

"வா, வா. வேற யாரையும் தேடாத. என் கையாலயே தண்ணி தெளிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்த ஆசை எத்தனை நாளாக உள்ளே கிடந்தது என்று. சொந்தத் தம்பி, பிறந்த ஊர் ஜனம், அவர்கள் முன்னால் ஊர்க்காரியாக நின்று தண்ணீர் தெளிப்பது. நினைத்ததும் கை மாவை இன்னும் இரண்டு குத்துக் குத்தியது.

கடையில் ஒரெஸ்தே உட்கார்ந்திருந்தான்.

"மதினி, என் காதுல விழுந்தது சரிதானா? யாரு தண்ணி தெளிக்கப் போறது?"

"நான்தான். ஏன், என் கைக்கு என்ன கொறச்சல்?"

"கைக்கு ஒண்ணுமில்ல. தலைக்குத்தான். கிறுக்கு இல்லாதவங்க அடுத்தவங்களுக்கு எப்படிக் கிறுக்கு ஏத்துறது? நெருப்பில்லாத அடுப்புல ரொட்டி சுட்ட கதையால்ல இருக்கு."

"உன் மூஞ்சிய தெனமும் பாத்துக்கிட்டு நாப்பது வருஷம் இருந்திருக்கேனே. இதவிட என்ன கிறுக்கு வேணும்?"

கடையே சிரித்தது. ஒரெஸ்தே மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் கணக்குல வராது மதினி. ரெண்டு நிமிஷ வேலை. மூணு சுத்து ஓடிட்டு வந்துடுங்க. நானே தண்ணி ஊத்துறேன்."

"வெளியூர்க்காரிதான் ஓடணும். நான் என்ன நேத்து பஸ்ஸுல வந்து எறங்கினவளா?"

"அப்ப ஊர்க்காரியா?"

ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் ரொட்டியையே பார்த்தார்கள். மிரெல்லாவுக்குக் காது சுட்டது. ஓடினால், இத்தனை வருஷமும் நான் வெளியூர்க்காரிதான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. ஓடாவிட்டால், நாளைக்குத் தம்பி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் புருஷனிடம் கேட்டாள்:

"ஏ உபால்தோ, அந்தச் சவரக்கத்தி அத்தனை பேசுறான். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

உபால்தோ தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல, மிரெல்லா."

அவ்வளவுதான். பாஸ்தாவின் மேல் துருவிப் போட எடுத்த பாலாடைக்கட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு தண்டனை யாருக்கும் விழுந்ததில்லை. சாயங்காலம் பெருஜியா நகரத்தில் இருக்கிற மகள் போனில் கூப்பிட்டு, "அம்மா, வேணும்னா நான் வந்து தெளிக்கட்டுமா? நான்தான் பிறவிக் கிறுக்காச்சே" என்று கேட்டதும், வெந்த புண்ணில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று வெயில். மிரெல்லா விடியலிலேயே மாவு பிசைந்துவிட்டாள். தம்பியிடம் என்ன சொல்வது என்று பிசையப் பிசைய யோசித்தாள். மணிக்கட்டு சுளுக்கிவிட்டது என்று சொல்லலாமா? கையில் மாவு என்று சொல்லலாமா? ஒன்றும் தேறவில்லை.

பத்து மணிக்குக் குவால்தோ ஜனம் கல்தெருவில் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தது. முன்னால் தொப்பியோடு எஜிதியோ.

"யப்பா, உங்க ஊர்ல தெருவா இது, ஏணியா? அக்கா! தயாரா? மொதல்ல நான்தான் ஓடுவேன். நீதான் தெளிக்கணும், சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மிரெல்லா பூரிக்கட்டையைக் கையில் பிடித்தபடியே கடை வாசலுக்கு வந்தாள். வாயைத் திறப்பதற்குள் சலூன் கதவு திறந்தது. ஒரெஸ்தே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"வாங்க, வாங்க. ஒரு சின்ன விஷயம். உங்க அக்கா தெளிக்க முடியாது."

"ஏன்?" என்றான் எஜிதியோ.

"அவங்க இந்த ஊருக்கு விருந்தாட வந்தவங்க. கொஞ்சம் நீண்ட விருந்து, நாப்பது வருஷம் ஆயிப்போச்சு. நாங்களும் வாயத் திறந்து போங்கன்னு சொல்ல முடியுமா? உங்க பஸ்ஸுல எடம் இருந்தா, போறப்ப அப்படியே கூட்டிட்டுப் போயிடுங்க."

மிரெல்லாவுக்கு அதற்குமேல் ஒன்றும் காதில் விழவில்லை.

"விருந்தாளியா? நானாடா விருந்தாளி? உன் கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டது விருந்தாளியா? உன் பிள்ளைக்குப் பேதி எடுத்தப்ப சோறு வடிச்சுக் கொடுத்தவ விருந்தாளியா? நில்லுடா!"

பூரிக்கட்டை உயர்ந்தது. லிஃப்ட் இல்லாமல் மேல்தெருவுக்கு வராத ஒரெஸ்தே ஓட்டமெடுத்தான். தெருவுக்குள் ஓடியிருக்கலாம். சலூனுக்குள் புகுந்து தாழ்போட்டிருக்கலாம். நீரூற்றைச் சுற்றி ஓடினான். தொப்பை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் ஆட, "ஐயோ மதினி, ஐயோ மதினி" என்று அலறிக்கொண்டே ஓடினான். பின்னால் மாவு பறக்க மிரெல்லா. டிப்போ ஆட்கள் பந்தயம் பார்த்த பழக்கத்தில் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். "விடாத அக்கா! வளைவுல பிடி!" என்று எஜிதியோ கத்தினான்.

சுற்றினார்கள், சுற்றினார்கள். திடீரென்று ஒரெஸ்தே பிரேக் பிடித்தவன் மாதிரி நின்று, தொட்டி விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தான். மிரெல்லா கட்டையை ஓங்கினாள்.

அப்போது பின்னாலிருந்து அவள் தலையில் தண்ணீர் கொட்டியது. தெளித்த தண்ணீர் இல்லை, கவிழ்த்த தண்ணீர்.

திரும்பினாள். உபால்தோ நின்றான். கையில், வீட்டு அலமாரியின் மேல்தட்டில் திருவிழாவுக்கென்று வைத்திருக்கிற பூப்போட்ட மண்கூஜா. அதன் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு சுத்து" என்றான் உபால்தோ. "ஊத்துத் தண்ணி. ஊத்தினவன் ஊர்க்காரன்."

சதுக்கம் முழுக்கக் கைதட்டல். முகத்தில் வழிந்த மாவுத் தண்ணீரைத் துடைத்துவிட்டு மிரெல்லா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவிழாக் கூஜாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு தற்செயலாக எவன் வந்து நிற்பான்? படியேறாத முட்டி, கணக்காக மூன்றாவது சுற்றில் எப்படி நின்றது?

"ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செஞ்சீங்களா?"

ஒரெஸ்தேவுக்குப் பேச மூச்சு வரவில்லை. கையைக் கூப்பினான். உபால்தோதான் சொன்னான்:

"ஓடுன்னு சொன்னா நீ ஓடுவியா? வெளியூர்க்காரின்னு நாங்க சொல்ற மாதிரி ஆயிடுமே. துரத்துனா அந்தப் பேச்சே இல்ல. இனிமேலாவது அந்தப் பாலாடைக்கட்டிய வெளிய எடுடி."

திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. பூரிக்கட்டையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, ஈரப் பாவாடையை உதறிக்கொண்டு, நீரூற்றின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எஜிதியோ, தொப்பியக் கழட்டு. ஓடு."

எஜிதியோ ஓடினான். மூன்று சுற்று. குனிந்த தம்பியின் தலையில் மிரெல்லா இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தெளித்தாள். சின்ன வயசில் அவனுக்குத் தலைகுளிப்பாட்டிவிட்ட அதே கைகள். பிறகு டிப்போ ஆட்கள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் அவளே தெளித்தாள். வேறு யாரையும் தண்ணீரைத் தொட விடவில்லை.

எல்லாம் முடிந்து, சூடான ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, எஜிதியோ சந்தேகமாகத் தலையைச் சொறிந்தான்.

"எல்லாஞ் சரி அக்கா. நீங்க ரெண்டு பேரும் ஓடினீங்களே, கடைசில யாரு ஜெயிச்சது?"

ஒரெஸ்தே மிரெல்லாவைப் பார்த்தான். மிரெல்லா ஒரெஸ்தேவைப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லில் ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் சிரித்தாள்.

"கேட்டியா ஒரெஸ்தே, இந்த வெளியூர்க்காரன் கேக்குற கேள்விய! எங்க ஊர்ல யாராவது 'யாரு ஜெயிச்சது'ன்னு கேப்பாங்களாடா?"