நான்காவது படியும் ஐந்தாவது படியும்

எங்கள் அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ‘சமூகப் பங்களிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. இரத்த தானம் செய்தாலும், ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினாலும் அதில் எழுதிக்கொள்ளலாம். வெயிலில் நிற்கவும் ஊசி குத்திக்கொள்ளவும் விருப்பமில்லாதவர்கள், புரோகிராம் எழுதுபவர்களுக்கான ஒரு பொது இணையதளத்தில் கட்டுரை எழுதினோம். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று மாதத்துக்கு இரண்டு கட்டுரை என்பது எங்கள் கணக்கு. கெடு முடிகிற வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மைசூரின் அந்த மூன்றாம் மாடியில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத்தாளர் ஆகிவிடுவோம்.

என் பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு எண்களைக் கூட்டுவது எப்படி என்று எழுதினார். அடுத்த முறை மூன்று எண்களைக் கூட்டுவது எப்படி என்று எழுதினார். நல்ல மனிதர், இப்போது மேலாளராக இருக்கிறார்.

சொந்தமாக எழுத நேரமில்லாதவர்கள் வேறு எங்கிருந்தாவது எடுத்துப் போட்டோம். அப்படி எடுத்ததைக் கண்டுபிடிக்க அந்தத் தளத்தில் ஒரு கருவி இருந்தது. அது வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்புக் கோடு போடும். கோடு விழுந்தால் சொற்களை மாற்றுவோம். அப்படியும் போகவில்லை என்றால் வரிகளை மேலும் கீழுமாக மாற்றி அடுக்குவோம். எங்கள் மாடியில் இது எல்லாருக்கும் தெரிந்த வழி. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரமே, கேன்டீனில் எந்த நாள் பிசிபேளே பாத் நன்றாக இருக்கும் என்பதோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுவார்கள். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் எழுதியவற்றில் ஒன்று, பழைய தரவுகள் சேர்ந்து பெருத்துப்போன அட்டவணையை ஏழு படிகளில் சுத்தம் செய்வது எப்படி என்பது. நான் எடுத்த இடத்தில் நான்காவது படி, தேவையான தரவுகளைப் புது அட்டவணைக்கு நகலெடு. ஐந்தாவது படி, பழையதைக் காலி செய். இந்த இரண்டிலும் சிவப்புக் கோடு விழுந்தது. நான்கை ஐந்தாகவும் ஐந்தை நான்காகவும் மாற்றினேன், கோடு போய்விட்டது. பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக ஒரு முறை ஓட்டியும் பார்த்தேன். ஒரு காலி அட்டவணையை உருவாக்கி, அதில்தான் ஓட்டினேன். ஏழு படியும் ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல் ஓடின.

கட்டுரை நன்றாகப் போனது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். அந்தப் புண்ணியத்தில் தளத்துக்காரர்கள் என்னை மதிப்பீட்டாளர் ஆக்கினார்கள். அதாவது, மற்றவர்கள் அனுப்பும் கட்டுரைகளைத் தரமில்லை என்று நான் நிராகரிக்கலாம்.

அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்கு ஒரு பதவி கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு கட்டுரை தேறுமா தேறாதா என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவேன் என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மூன்றாவது வரியை நான் படித்ததே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஒரு புதன்கிழமை ஒரு கட்டுரை வந்தது. அட்டவணையைச் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை என்று தலைப்பு. ஆங்கிலம் படுமோசம். முதல் வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. இரண்டாவதில் மூன்று இருந்தன. ‘இதே பொருளில் இதைவிடத் தரமான கட்டுரை ஏற்கெனவே உள்ளது’ என்ற ஆயத்த வாசகத்தைத் தேர்ந்தெடுத்து, ஆதாரமாக என் கட்டுரையின் சுட்டியையே இணைத்து, நிராகரித்தேன். பிறகு காபி குடிக்கப் போனேன்.

மறுநாள் பதில் வந்தது. நீங்கள் கொடுத்திருக்கும் கட்டுரைதான் மேடம் என்னைக் கெடுத்தது, அதனால்தான் நான் எழுதினேன் என்று அதே மோசமான ஆங்கிலத்தில் இருந்தது. நான்காவது படியைப் பாருங்கள் என்றும் இருந்தது. கீழே ஒரு ஃபோன் நம்பர்.

பார்த்தேன். முதலில் காலி செய், பிறகு நகலெடு. காலி செய்த பிறகு நகலெடுக்க என்ன இருக்கும்? பிழைச்செய்தியும் வராது. ஒன்றுமில்லாததை ஒழுங்காக நகலெடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். இரண்டு ஆண்டுகளாக அது அப்படியே இருந்திருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் இரண்டு படிகளையும் சரியான வரிசைக்கு மாற்றிச் சேமித்தேன். கீழே திருத்தக் குறிப்பு எதுவும் போடவில்லை. போட்டால் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மதியம் அவருக்கு ஃபோன் செய்தேன். நல்ல செய்தி சொல்லப் போகிறேன் என்ற நினைப்பில்தான் செய்தேன். அவர் மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம், விவசாயக் குடும்பம். கன்னட மீடியத்தில் படித்தவர். என் பெயரைக் கேட்டதும் அவரே தமிழுக்கு மாறிக்கொண்டார்.

“கட்டுரைய சரி பண்ணிட்டேன். இனிமே யாருக்கும் பிராப்ளம் ஆகாது” என்றேன்.



“அப்ப நீங்கதான் மாத்துனீங்களாங்க மேடம்? இன்னைக்குக் காலைலதானுங்க பிரின்சிபால் அதத் தொறந்து பாத்தாரு. எல்லாம் சரியாத்தானே இருக்குது, ஏன்யா பொய் சொல்றேன்னு கேக்கறாருங்க.”

பிறகு நடந்ததைச் சொன்னார். மாணவர் வருகையைப் பதிவு செய்ய அவரே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறார். அது நன்றாக ஓடியதால் ஆசிரியர்கள் காகிதப் பதிவேட்டை விட்டுவிட்டார்கள். பழைய ஆண்டுத் தரவுகளைக் கழித்துவிடலாம் என்று என் கட்டுரையைப் பார்த்து ஏழு படியையும் வரிசையாகச் செய்திருக்கிறார். ஒரு பருவத்தின் வருகை முழுதும் போய்விட்டது. வருகை குறைந்த மாணவர்கள் தேர்வு எழுத முடியாது. வேண்டிய பையன்களைக் காப்பாற்ற இவர்தான் வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்று மூன்று வாரமாகப் பேச்சு. திங்கட்கிழமை விசாரணை. அதற்கு மேல் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தக் கட்டுரை. அதைத்தான் நான் திருத்தியிருந்தேன்.

“நான் ஒரு லெட்டர் அனுப்பட்டுமா?” என்றேன்.

“லெட்டருன்னா நானே அடிச்சுக்கிட்டேம்பாங்க மேடம். நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா...” என்று இழுத்தார். “சிரமந்தானுங்க.”

கட்டுரையின் பழைய வடிவம் தளத்தில் அழியாமல் இருக்கும். ஆனால் அதை எழுதியவர் மட்டும், தன் கணக்கில் நுழைந்துதான் பார்க்க முடியும். எனவே நான் போக வேண்டும். போனால் அவர்கள் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும், போகாமல் இருப்பதற்கு எனக்கு வரக்கூடிய காய்ச்சல்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அசல் பயம்தான். மதிப்பீட்டாளர் பதவி போகும், அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்ற பயம். ஞாயிறு மாலை, நான் நிராகரித்த அவருடைய கட்டுரையை எடுத்து மூன்றாவது வரியிலிருந்து படித்தேன். காலி செய்யும் படிக்கு முன்னால் நகல் எடுத்து வைக்கவும், புது அட்டவணையில் எத்தனை வரி வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவும் என்று எழுதியிருந்தார். முதலில் பத்து வரி மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றும் இருந்தது. எல்லாமே சரி. ஒரு எழுத்தும் திருத்தாமல் அனுமதித்தேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் நஞ்சன்கூடு போனேன். கல்லூரி வாசலில் எனக்காக நின்றிருந்த லேப் உதவியாளருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். முழுக்கைச் சட்டை, நன்றாக இஸ்திரி போட்டது. காபி சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அறையில் பிரின்சிபாலும் மேசையைச் சுற்றி மூன்று ஆசிரியர்களும் இருந்தார்கள். என் மடிக்கணினியைத் திறந்து பழைய வடிவத்தைக் காட்டினேன். வியாழக்கிழமை நான் மாற்றிய நேரமும் அதில் இருந்தது. பிரின்சிபால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கன்னடத்தில், கோபமே இல்லாமல், இதை வெளியிடும் முன் நீங்கள் ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன், காலி அட்டவணையில் என்றேன். ஓர் ஆசிரியர் இருமினார். சரி, வரிசை எப்படி மாறியது என்று பிரின்சிபால் கேட்டார்.

ரயிலில் வரும்போதே இரண்டு மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். கைதவறிவிட்டது என்பது அவற்றில் சிறந்தது. லேப் உதவியாளர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். உட்கார யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

“இது என் சொந்தக் கட்டுரை இல்லை சார். இன்னொரு இடத்திலிருந்து எடுத்தேன். எடுத்தது தெரியக் கூடாது என்பதற்காக நானேதான் வரிசையை மாற்றினேன்” என்று கன்னடத்தில் சொன்னேன்.

பிரின்சிபால் என்னைப் பார்த்த பார்வையில் என் உடம்பு கூசிப்போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சுவரோரம் இருந்தவர் ஓர் அடி முன்னால் வந்தார். மேடத்தை ஒன்றும் சொல்லாதீர்கள் சார், தெரியாமல் நடந்துவிட்டது, எல்லாருக்கும் நடப்பதுதான், அவர்கள் நல்லவர்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

பிரின்சிபால் ஃபைலை மூடி, நீங்கள் லேபுக்குப் போகலாம் என்று அவரிடம் சொன்னார். வேலை தப்பித்தது. அவர் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அந்த மூன்று ஆசிரியர்களும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரமாக இதே கல்லூரியில் அவருக்காக அப்படி ஒரு வார்த்தை சொல்ல ஒருவர்கூட இருந்திருக்கவில்லை.