அமுதவல்லி வைக்கும் மொய்

வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டாள் அமுதவல்லி. சோதனை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவை மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கும்வரை அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது. போனால் ரகளை பண்ணிவிடுவாள்.

அவள் குடியிருக்கும் சாரம் பகுதியில் அம்மா மணியம்மாள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்: "எம் பொண்ணு பஸ் டிரைவருங்களுக்கு டெஸ்ட் வெக்குது!" காலாப்பட்டு வழியாகச் சென்னை பஸ் ஓட்டும் எதிர்வீட்டு ராஜா, இவளைக் கண்டாலே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். அமுதவல்லி திருத்துவதே இல்லை. அவளுடைய பஸ், கருவிக்குள் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் பாதை. டிரைவர், அந்தப் போக்குவரத்தை நடத்தும் மென்பொருள். "ரெண்டு பேரும் ஏத்துனத பத்திரமா எறக்கணும், அவ்ளோதான்" என்பாள்.

இன்று மேசைமேல் இருப்பது நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கருவி. முதல் தொகுதி சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மேலாளர் கமலக்கண்ணன் பெட்டி ஒட்டும் டேப்போடு நிற்கிறார். அனுப்பிப் பார்த்த தகவல் முப்பத்திரண்டு பைட், அறுபத்து நாலு, நூற்று இருபத்தெட்டு, எல்லாம் பாஸ்.

"மொய் வெச்சுப் பாத்துடுறேன் சார்."

கல்யாண வீட்டில் நூறோடு ஒன்று சேர்த்து வைப்பார்களே, அதுதான் அவள் வித்தை. அறுபத்து நாலோடு ஒன்று. அதையும் நினைவகத்தில் வழக்கமான இடத்திலிருந்து எடுக்காமல், ஒரு கட்டம் தள்ளி.

"அப்புடி யாரும்மா அனுப்பப் போறாங்க?"

"நோயாளி நெஞ்சு நம்ம கணக்கு பாத்தா சார் துடிக்கும்?"

எண்டர் தட்டினாள். திரையில் சிவப்பு! போனது அறுபத்தைந்து, வந்தது அறுபத்து நாலு. கடைசி பைட்டைக் காணோம்.

"மாட்டிக்கிச்சு! சார், மாட்டிக்கிச்சு!" நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். பிழை அகப்பட்டால் இவளுக்குத் தீபாவளிதான். கமலக்கண்ணனுக்கோ முகம் வெளுத்துவிட்டது. துடிப்பு நின்றால் அலறச் சொல்லும் கட்டளை அந்த ஒரு பைட்டில் இருந்திருந்தால்?

டிரைவரை எழுதிய செல்வகுமார் ஓடி வந்து தலையைச் சொறிந்தான். "நாலு நாலா எடுத்தேன்... மிச்சத்த வுட்டுட்டேன்க்கா."

"அந்த மிச்சத்துலதாண்டா உசுரு இருக்கு. சீக்கிரம் மாத்து!"

மாற்றினான். சோதனை மீண்டும் ஓடியது. சின்னது, பெரியது, ஒரு கட்டம் தள்ளி, இரண்டு கட்டம் தள்ளி, மூன்று கட்டம் தள்ளி. வரிசையாகப் பச்சை விழ விழ, செல்வகுமார் மேசையைத் தட்டிக் கத்தினான்.

கமலக்கண்ணன் டேப்பைக் கிழிக்கவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அமுதவல்லி இன்னொரு மொய் வைத்தாள். பச்சை.

கையைத் தூக்கி ஓர் உதறு உதறினாள். வளையல்கள் கலகலவென்று இறங்கின.