விடியாத நாளின் தாள்

காலண்டர் தாளைக் கிழிக்கும்போது வருகிற அந்தச் 'சரக்' சத்தம்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததற்கு அடையாளம். அம்மா குளித்து, வேளாங்கண்ணி மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, காலைச் செபம் முடித்துச் சிலுவை போட்டுக்கொண்ட பிறகுதான் நேற்றைய தாளைக் கிழிப்பாள், அதற்கு முன் யாராவது அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தால்கூட, "ஆண்டவரு இன்னும் தராத நாளுடி அது, உனக்கென்ன அவசரம்?" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

அந்தத் தாளின் அடியில், ராகுகாலத்துக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு 'துணுக்கு' இருக்கும். முதல் ரயில் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது, ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், 'கோ' என்றால் அரசன் என்று நாளுக்கு ஒன்று. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் மாமா, புது வருடத்துக்கு எல்லா வீட்டுக்கும் காலண்டர் கொடுப்பார். எங்களுக்கு மாதா படம், சிலருக்கு முருகன், அவர் சொந்தக்காரர்களுக்கு மக்கா, ஆனால் கீழே அடிக்கிற தாள்கட்டு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆக, ஊர் முழுக்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு அறிவு.

ஒன்பதாம் வகுப்பில் அந்த அறிவைக் காலைக் கூட்டத்தில் தாள் பார்க்காமல் கணீரென்று சொல்பவள் நான்தான். நன்றாகச் சொல்கிறவளை உத்தமபாளையத்தில் நடக்கும் பொது அறிவுப் போட்டிக்கு அனுப்புவதாகப் பள்ளிக்கூடத்துத் தலைமை சிஸ்டர் சொல்லியிருந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த அப்பா, "போட்டிக்குப் போயி பேரு வாங்கிட்டு வா, பத்துக்கு மேலயும் படிக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைத்தான் நான் தினமும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

என் வகுப்பில் ஜெசிந்தா என்று ஒருத்தி. அவள் வீட்டில் பயபக்தி கொஞ்சம் கம்மி. நாளைய தாளை இன்றைக்கே கிழித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கூட்டத்தில் கையைத் தூக்கிச் சொல்லிவிடுவாள். மறுநாள் நான் வாயைத் திறந்தால் வரிசை முழுக்க, "நேத்தே கேட்டாச்சு!" என்று சிரிக்கும். "ஏன்டி, உங்க வீட்டுல மட்டும் பொழுது ஒருநா பிந்தித்தான் விடியுமோ?" என்பாள் அவள். சிஸ்டரிடம் போய் அழுதேன். வெளியூரிலிருந்து வந்த அவருக்கு எங்கள் ஊர்க் காலண்டர் கதை என்ன தெரியும்? "முந்திப் படிக்கிறது தப்பாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

போட்டிக்கு ஜெசிந்தா போனாள். பரிசாக வாங்கிய எவர்சில்வர் டம்ளரில் தினமும் மத்தியானம் எங்கள் எதிரே நின்று தண்ணீர் குடித்தாள். அப்பா அதற்குப் பிறகு படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த டம்ளர் குழாயில் மோதுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், உனக்கு நான் யாரென்று காட்டுகிறேன் என்று மாதாவின் மேல் ஆணையிட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் மாமா கடைக்குக் காலண்டர் மட்டையில் தாள்கட்டு அடித்துக் கொடுக்கப் போனேன். "ஏத்தா, பின்னு கையில குத்திறாம" என்று சொல்லிவிட்டு அவர் தொழப் போய்விடுவார். புது மை வாசத்தோடு ஒரு முழு வருடம் என் மடியில் கிடந்தது. கிழித்தால்தான் பாவம், இன்னும் எந்த வீட்டுச் சுவரிலும் மாட்டாத வருடத்தைப் பார்த்தால் பாவமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பத்து நாளில் முந்நூற்று அறுபத்தைந்து துணுக்கையும் நோட்டில் எழுதி முடித்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. இடைவேளைக்கு ஒரு மாதம் என்று கணக்கு. வேப்பமரத்தடியில் நின்று ஜனவரியைச் சொன்னேன், சாப்பாட்டு நேரத்தில் பிப்ரவரியை. ஒரே வாரத்தில் டிசம்பர் கடைசித் தாள்வரை சொல்லித் தீர்த்துவிட்டேன். அதற்கப்புறம் ஜெசிந்தா எந்த நாளைக் கிழித்துக்கொண்டு வந்தாலும் இருநூறு பிள்ளைகளும் ஒரே குரலில், "கேட்டாச்சு!" அவள் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து தேம்பியதை நின்று நிதானமாகப் பார்த்தேன். சத்தம் தாங்காமல் சிஸ்டர் துணுக்கையே நிறுத்திவிட்டார். பத்தாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது.

பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில், ஜெசிந்தாவை அழவைத்ததைச் சொன்னேன். "செஞ்சதை நெனச்சு மனஸ்தாபப்படுறியாம்மா?" என்று கேட்டார் சாமியார். "இல்ல சாமி, இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சேத்துச் சொல்லியிருக்கணும்" என்றேன். பாவமன்னிப்புக்குத் தூக்கிய கையைக் கூண்டுக்கு அந்தப் பக்கம் அவர் இறக்கிக்கொண்டார். பிறகு, "மனசு வர்றப்ப வாம்மா" என்றார்.

இன்றைக்கு ராவுத்தர் மாமாவும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. வீட்டுக்கு வீடு வேறு வேறு காலண்டர்; ஊருக்கெல்லாம் ஒரே தாள் என்பது போய்விட்டது. ஜெசிந்தா பழனிசெட்டிபட்டியில் பேரன் பேத்தியோடு இருக்கிறாள். கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடியுமுன் ஒரு துணுக்கு அனுப்புகிறாள். அவசரம் இன்னும் போகவில்லை. நான் செபம் முடித்து, தாளைக் கிழித்துவிட்டு, அவள் அனுப்பியதற்குக் கீழே ஒரே வார்த்தை போடுவேன்: "கேட்டாச்சு."

இன்று காலை அவள் அனுப்பியது, தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியதாம். சத்தியமாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, "கேட்டாச்சு" என்று போட்டேன். சனிக்கிழமை சாமியாரிடம் பொய் சொன்ன பாவத்தை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.