படையல் நாளில் போன பேனா

சாம்பிராணிப் புகையோடு, மூடி திறந்த கருப்பு பீரின் கசப்பு வாசனையும் நண்டுப் "பெரட்டல்" காரமும் கலந்து மூக்கில் ஏறினால், எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் வந்துவிட்டது என்று பொருள். இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, பக்கத்தில் புதுத்துணியும் வைத்துக் கும்பிடுகிற அந்தப் "படையல்" நாளில்தான் என் பேனா காணாமல் போனது.

அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். கிடங்குக்குக் கிடங்கு சீட்டில் கையெழுத்துப் போட்டு ஓடுகிற வேலை என்பதால் சட்டைப் பையில் பேனா இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். கப்பல்காரர் ஒருவர் கொடுத்த பேனாவை அவர் எனக்குத் தந்தார். அதன் தண்டுக்குள் தண்ணீரும், தண்ணீருக்குள் நகம் அளவு வெள்ளைக் கப்பலும் இருந்தன. சாய்த்தால் கப்பல் மெல்ல நகர்ந்து மறுமுனைக்குப் போகும். "கவுத்துடாம ஓட்டு புள்ள, லைசென்ஸ புடுங்கிடுவாங்க" என்று சிரித்தார். சில மாதங்களில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மை தீர்ந்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பேனாவால் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுவருடம் அப்பாவுக்கு முதல் படையல். கேரி தீவுத் தோட்டத்திலிருந்து அப்பாவின் தங்கை, என் அத்தை, வந்திருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும், போனவர்கள் கூச்சமில்லாமல் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிடுவது வழக்கம். அன்று பிளாட் நடைபாதையில் நாங்கள் நின்றபோது அம்மாவும் அத்தையும் மட்டும் வரவில்லை. சற்றுப் பொறுத்து அம்மா வந்தார். அவருக்கும் பின்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தை வந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டதற்குப் புகை என்றார்.

அப்பாவுக்குப் படைத்த புதுச்சட்டையை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். மாலையில் அம்மா அதைக் கோயில் வாசலில் ஒரு பெரியவருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய நேரத்தில் நான் பென்சில் டப்பாவைத் திறந்தேன். பேனா இல்லை. கட்டிலடி, பள்ளிப்பை, மாவுப் பாத்திரம் என்று துழாவி ஊரைக் கூட்டி அழுதேன். முறுக்குச் சுட உட்கார்ந்த அம்மா சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அத்தைதான், "எங்கயாச்சும் விழுந்திருக்கும் புள்ள, விடு லா" என்றார். எடுத்தவரைத் தவிர யார் விடு என்று சொல்வார்கள்? என் புத்தி அப்படித்தான் போகும். இன்றும் மின்தூக்கியில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால் கைப்பேசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறவள் நான்.

அத்தை குளிக்கப் போனபோது அவர் பையைக் கொட்டிப் பார்த்தேன். தைலம், சீப்பு, பஸ் டிக்கெட், அப்பாவின் சின்னப் படம். பேனா இல்லாததே எனக்குச் சாட்சியாகப் பட்டது, இடுப்பில் செருகிக்கொண்டிருப்பார் என்று. அம்மா அறை வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை. அத்தை அப்படிப்பட்டவர் இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்த அத்தை, பெட்டியில் வைத்த புதுப் பேனா ஒன்று வாங்கி வந்தார். அதோடு எனக்கு மிச்சமிருந்த ஐயமும் போயிற்று. மனசு உறுத்தாமல் யார் பேனா வாங்கித் தருவார்கள்?

அதன்பின் அத்தை வந்தால் என் அலமாரியைப் பூட்டிச் சாவியை அவர் கண்ணெதிரிலேயே கழுத்தில் மாட்டிக்கொள்வேன். அத்தையின் வரவு குறைந்து, பிறகு நின்றே போனது. என் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய் வைக்கச் சொல்லி அம்மா எவ்வளவோ கெஞ்சியும், சொந்த அத்தைக்கு நான் தபாலில்தான் அனுப்பினேன்.

இந்த வருடம், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில், அம்மாவுக்கு முதல் படையல். அம்மாவின் ருசி தெரிந்தவர் வேறு யாரும் மிச்சமில்லை என்பதால் அத்தையைக் கூப்பிட்டேன். சேலையை மடித்து இலையருகே வைத்தவர், "உங்கம்மா கண்ணாடி எங்க? அது இல்லாம மீன்ல முள்ளு பாக்க முடியாதே அவளுக்கு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சேலைமேல் வைத்துவிட்டு, உடனே அதை எடுத்து என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"வேணாம்மா. அப்புறம் சேலையோட போயிரும். உன் பேனா போன மாதிரி."

அத்தை சொன்னார்: அப்பாவின் படையலன்று எல்லாரும் வெளியேறிய பிறகு, பையில் பேனா இல்லாமல் அவர் எப்படிச் சட்டை போடுவார் என்று அழுதுகொண்டே அம்மா என் டப்பாவிலிருந்து அதை எடுத்து அந்தச் சட்டைப் பையில் செருகினாராம். பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். மறந்துபோய்ச் சட்டையோடு கொடுத்துவிட்டார். மறுநாள் இருவரும் கோயிலுக்கு ஓடியும் அந்தப் பெரியவர் அகப்படவில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அத்தை?"

"நான்தான் அவள சொல்ல வேணாம்னேன். அப்பன் இல்லாத புள்ள, ஆத்தா மேலயும் கோவப்பட்டா யாருகிட்ட போயி நிப்ப? என் மேலன்னா பரவால்ல, நான் எங்கயோ தீவுல கெடக்கறவ."

இதையும் நம்பலாமா என்று என் புத்தி ஒரு கணம் முறைத்துப் பார்த்தது. பிறகு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கோபப்பட அம்மா இல்லை. நாங்கள் இருந்த பிளாட்டை இடித்துவிட்டார்கள்; லோரிக்காரர்கள் இப்போது கைப்பேசித் திரையில் விரலால் கையெழுத்துப் போடுகிறார்கள். படையல் முடிந்து பந்தி போட்டபோது அகப்பையோடு அத்தையின் முன் நின்றேன். நண்டு வைப்பதா, மீன் வைப்பதா, அவர் காரம் சாப்பிடுவாரா என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு என்ன பிடிக்கும் அத்தை?" என்று கேட்டேன்.