ட்ராவுட் ஆற்றங்கரையில் தூக்கிய கைகள்

வெம்பிளியிலிருந்து நானும் மச்சான் குமாரும் லண்டனுக்கு வெளியே ட்ராவுட் மீன் பிடிக்கப் போயிருந்தோம். தூண்டிலை எறிந்த சற்று நேரத்தில் பின்னால் ஓர் அதட்டல் கேட்டது. திரும்பினேன். பச்சைச் சீருடையில் ஓர் ஆள் நின்றார். என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போயின. தூண்டில் ஆற்றில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் இராணுவச் சோதனைச் சாவடிகளில் அப்படித்தான் நின்று பழக்கம். அவர் ஆங்கிலத்தில் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

"கையைக் கீழ விடு மச்சான்," என்றான் குமார். "ஆத்தில சனம் கூடிப்போச்சாம். சனி, ஞாயிறு உள்ளூர் ஆக்களுக்கு மட்டுமாம். எங்களைப் புதன்கிழமை வரட்டாம்."

அந்த ஆற்றுக் காவலர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கித் தூண்டிலை எடுத்து நீட்டினார். அதை வாங்கக்கூட எனக்குக் கை இறங்கவில்லை.

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பல வருடங்களாகிவிட்டன. என் கைகளுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.