கோழி கிளறிய கரை

கோழியை அடைத்து வைப்பதா, திறந்து விடுவதா என்று என் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முகத்துவாரக்குப்பத்தில் குடியிருந்து பாருங்கள், வராது.

தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருந்தாள். அவளுக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுக்கத்தான் என் மனைவி கோழி வளர்த்தாள். எங்கள் பக்கம் கோழிக்குத் தீனி வாங்குவதில்லை. காலையில் கூண்டைத் திறந்தால் ஆற்றங்கரைக்கு ஓடும். மீன் குடலைத் தின்னும், கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கும். கிளிஞ்சல் தின்றால்தான் முட்டை ஓடு கெட்டியாக இருக்கும். காற்றையும் பார்ப்போம். மேற்கிலிருந்து வீசினால் அனல்மின் நிலையச் சாம்பல் வரும், திறக்க மாட்டோம். கடல் காற்று என்றால் திறந்து விடுவோம். பெரிய விவரமானவர்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

மாப்பிள்ளை வந்த அன்று ஒரு கோழியை அறுத்தேன். இரைப்பையைப் பிளந்தால் கிளிஞ்சல் தூளோடு சாம்பல் சேறு, சிமெண்டைக் குழைத்து அடைத்த மாதிரி. அது காற்றில் வந்ததில்லை. மின் நிலையம் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அனுப்பும் குழாய் உடைந்து கரையில் படிந்தது. குழாயை ஒட்டினார்கள், சாம்பலை யாரும் அள்ளவில்லை. நாங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம், கோழி கீழே கிளறிக்கொண்டிருந்தது. அந்த முட்டையைத்தான் மகள் தினமும் தின்றாள்.

அன்றே கூண்டைப் பூட்டினேன். அடைத்தால் முட்டை வைக்காது, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு சாகும் என்று மனைவி மல்லுக்கு நின்றாள். நான் சாவியைத் தரவில்லை.

"கோழிய மட்டும் பூட்டிட்டே. நீ ஆத்துல புடிச்சினு வர்ற எறா எங்க மேயுதாம், மாடியிலயா?" என்றாள்.

அந்த இறாலை விற்றுத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். கத்தினேன். வேறென்ன செய்வது?

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் நிமிரக்கூட இல்லை.

"கத்தாத நைனா. கோழிக்குக் கூண்டு கீது. என் புள்ள பொறந்தா இந்த மண்ணுலதானே தவழும்? அத்த எங்க பூட்டுவ?"



மறுநாள் மாப்பிள்ளையோடு அவளை அரக்கோணத்துக்கே அனுப்பிவிட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை வயிற்றுச் சுமையோடு மாமியார் வீட்டுக்குத் துரத்தினவன் என்று குப்பம் பேசுகிறது. கஞ்சன் என்றும் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் பிள்ளைகளும் இங்கேதான் தவழ்கின்றன, அதைப் பற்றி ஒருவனும் பேசுவதில்லை. ஆட்டோவில் ஏறும்போது அழுதது மகள் இல்லை, என் மனைவி. என்னோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஆட்டோ போனதும் பூட்டைத் திறந்தேன். அந்த முட்டையை இனி யாருக்குக் காப்பாற்ற வேண்டும்? கோழிகள் ஒன்றுகூட வாசலில் நிற்கவில்லை. எல்லாம் நேராகக் கரைக்குத்தான் ஓடின.