குருக்கள் படித்த புத்தகங்கள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தபோது நான் எட்டாவது முடித்திருந்தேன். என் கணவர் கோயில் குருக்கள். மந்திரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதையும் கையால் தொடமாட்டார். வீட்டில் இருந்த ஒரே புத்தகம் பஞ்சாங்கம். அதை முன்னட்டை விளம்பரத்திலிருந்து பின்னட்டை விளம்பரம் வரை படித்துத் தீர்த்துவிட்டு அவரிடம் கேட்டேன்.

“ஏன்னா, தெருக்கோடியில லைப்ரரி இருக்கே. நல்ல கதைப் புஸ்தகமா ஒண்ணு எடுத்துண்டு வாங்கோளேன்.”

எங்கள் தெருப் பெண்கள் நூலகத்துக்குப் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போனவர்களும் இல்லை. ஆகவே அவரே தன் பேரில் கார்டு வாங்கினார். ஆனால் பட்டை பட்டையாக விபூதி பூசிய குருக்கள், நாலு பேர் பார்க்க, “கதைப் புஸ்தகம் எங்கே இருக்கு?” என்று எப்படிக் கேட்பார்? சாயரட்சைப் பூஜைக்குப் போகும் வழியில் உள்ளே நுழைந்து, கதவோரத்து அலமாரியில் கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

அது கோழி வளர்ப்பு.

அட்டையில் கொண்டையும் தாடியுமாக ஒரு வெள்ளைச் சேவல். மாமியார் அதைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினார்.

“ஏண்டா, குருக்களாத்துல இதெல்லாமா?”

“நான் எங்கம்மா பார்த்தேன்? மேல ஏதோ வெள்ளையா இருந்துது, அன்னபட்சின்னு நினைச்சேன்.”

திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அதற்கும் அவருக்குக் கூச்சம். அடுத்த வாரம்வரை வீட்டில் இருக்கப்போகிறதே என்று படிக்க ஆரம்பித்தேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சுவாரசியம். முட்டைக்குள் குஞ்சு எப்படி மூச்சு விடுகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ராத்திரி சாதம் போடும்போது அவருக்கும் சொன்னேன். மோர் சாதத்தைப் பார்த்தபடியே, “போதும், போதும்” என்றார்.

அதற்குப் பிறகும் அலமாரியை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒரு வாரம் மாட்டு வைத்தியம், ஒரு வாரம் சொத்துச் சட்டம், இன்னொரு வாரம் கிரகங்கள். எல்லாவற்றையும் படித்தேன். பூமிக்கடியில் கொதித்துக் கிடந்த குழம்பு இறுகித்தான் இந்த மாதிரிப் பாறைகள் ஆயின என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைக் காட்டி மாமியாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அக்னி மலைன்னுதானேடி காலங்காலமா சொல்லிண்டிருக்கோம்? இதுக்கு ஒரு புஸ்தகமா?” என்றார்.

அந்த மாமியாரையே ஒரு புத்தகம் விழுங்கியது. ‘தீபம்’ என்று தலைப்பில் ஒரு சொல் தற்செயலாகக் கண்ணில் பட்டதால் பக்திப் புத்தகம் என்று நினைத்து என் கணவர் எடுத்து வந்திருந்தார். முதல் பக்கத்திலேயே ஜமீன்தார் குத்துப்பட்டுச் செத்துக்கிடந்தார். மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து நான் வாய்விட்டுப் படிப்பேன். மாமியார் பஞ்சைத் திரித்தபடி, காதில் விழவே விழாத மாதிரி இருப்பார். நான் காபி போட எழுந்தால் மட்டும், “அந்தச் சமையல்காரன் மூஞ்சியே சரியில்லே” என்பார்.

இதற்கிடையில் ஊரில் வேறொரு கதை கிளம்பியிருந்தது. வாரம் ஒரு துறையாக எடுத்துப் போகிற குருக்களைப் பார்த்து நூலகர் அசந்துபோயிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “சாமிக்குத் தெரியாத சப்ஜெக்டே கெடையாதுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து ஒருவர் மூச்சிறைக்க வந்தார்.

“சாமி, மாட்டுக்கு வயிறு உப்பிக்கிச்சு. பச்சைக் கடலைக்கொடிய ஜாஸ்தி தின்னுட்டுது. நீங்க எல்லாம் படிச்சவங்கனு சொன்னாங்க.”

என் கணவர் விறுவிறுவென்று சமையலறைக்கு வந்தார். “ஏய், மாடு உப்பிடுத்தாம்!”

“உடனே மாட்டு டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் முன்னங்கால் மேட்டுல இருக்கறாப்போல நிறுத்தி வைக்கணும். தீவனம் கூடாது.”

சமையலறையிலிருந்து வாசலுக்கு நாலு எட்டு. அதற்குள் பாதி மறந்து, நான் என்றோ சாதம் போடும்போது சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

“மேட்டுல நிறுத்துப்பா. தரையில உமி பரப்பு. இருட்டா, கதகதப்பா இருக்கணும். அடையில இருக்கறச்சே கிட்டப் போய்த் தொந்தரவு பண்ணாதே” என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு வாசலுக்கு ஓடி, “டாக்டர்! டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்தினேன். நல்லவேளை, மாட்டுக்காரரின் மனைவி முன்னமே டாக்டருக்கு ஆள் அனுப்பியிருந்தாள். மாடு பிழைத்தது. பெயர் என் கணவருக்குப் போனது. பங்காளிச் சண்டை, கிரகணம், பல்வலி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

கடைசியில் நூலக விழாவுக்குப் பேச அழைத்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லவும் அவருக்குக் கூச்சம். நான் சொல்லிக்கொடுத்தேன், அவர் ஒப்பித்தார். நானும் மாமியாரும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். மேடையேறி ஒரு சுலோகம் சொன்னார், கணீரென்று இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “முட்டையானது...” என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார். கூட்டம் ஏதோ அண்டப் பிரும்மாண்டத் தத்துவம் வரப்போகிறது என்று பக்தியோடு காத்திருந்தது.

தலைமை வகித்த பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் உதவிக்கு வந்தார். “சாமி படிச்சதுல ரொம்பப் புடிச்ச புத்தகம் எதுங்க?”

அவர் பரிதாபமாக எங்களைப் பார்த்தார். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“அந்தக் கொலைக் கதைடா!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. என் கணவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

“நான் ஒண்ணுமே படிக்கலை. தூக்கிண்டு வந்து குடுத்தது மட்டுந்தான் நான். படிச்சதெல்லாம் ஆத்துக்காரி. அதோ உக்காந்திருக்கா.”

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

மறுநாள் நூலகரே வீட்டுக்கு வந்து, “நீங்களே நேரா வந்து எடுத்துக்கலாம்மா” என்று என் பேரில் கார்டு கொடுத்தார். போனேன். அலமாரிகளைப் பார்த்ததும் திகைத்துவிட்டேன். அதுவரை எதையும் நானாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லையே! நூலகர் சமையல் புத்தகங்கள் இருந்த தட்டைக் காட்டினார். நான் கடல் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். கடலை நான் பார்த்ததே இல்லை.

அதைப் படித்த கையோடு நச்சரித்து, அவரை மெட்ராசுக்குக் கிளப்பினேன். மெரினாவில் தண்ணீரோரம் நின்றுகொண்டு, அலை எப்படி உண்டாகிறது, காற்று எப்படித் தள்ளுகிறது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, முதன்முறையாக முழுக் கவனத்தோடு கேட்டார். அப்போது வந்த அலை அவரை இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது.

“இது உன் புஸ்தகத்துல இல்லையோ?” என்றார், வேட்டியைப் பிழிந்தபடி.